தண்ணீர் வராத வீட்டில் வேலையைப் பங்கிடுவது எப்படி

2022 ஏப்ரலில் தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்தைப் புரட்டிப்போட்ட வெள்ளத்தில் எங்கள் டொங்காட் நகரின் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையமும் சிதைந்துபோனதால், ஊர்க் குழாய்கள் மாதக்கணக்கில் வறண்டு கிடந்தன. அந்த நாள்களில் எங்கள் வீட்டில் நடந்த சண்டைகளை இப்போது எண்ணிப் பார்த்தால், தண்ணீர்க் குறைவைவிட, ஒருவர் படும் பாடு மற்றவர் கண்ணில் படாததே பெரும்பாலானவற்றுக்குக் காரணம் என்று தோன்றுகிறது. அப்போது நாங்கள் கற்றுக்கொண்ட முறை, வீட்டில் ஒருவர் நோயில் படுத்தாலும் கைகொடுக்கும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில், வாய் திறக்காமல் ஒரு வாரம் கவனியுங்கள். தெருமுனைக்கு வரும் தண்ணீர் லாரியிலிருந்து 25 லிட்டர் கேன்கள் இரண்டை நான் தூக்கி வருவேன்; ஒவ்வொன்றும் 25 கிலோவுக்கு மேல் கனக்கும் என்பதால், வீட்டுப் பாரமெல்லாம் என் தோளில்தான் என்று நம்பியிருந்தேன். லாரிச் சத்தத்துக்காக என் மனைவி விடியற்காலை நான்கு மணிக்கே விழித்துக் கிடந்ததையும், அரிசி கழுவிய நீரைக் கறிவேப்பிலைச் செடிக்கும் துணி அலசிய நீரைக் கழிப்பறைக்கும் என்று அம்மா பிரித்து வைத்ததையும் நான் பார்க்கவே இல்லை. பார்த்தவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். நினைவு வைத்திருப்பதும் காத்திருப்பதும்கூட வேலைதான், அவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, பேச்சைச் சாப்பாட்டுக்குப் பின் தொடங்குங்கள். பசியோடும் களைப்போடும் பேசிய எதுவும் எங்கள் வீட்டில் நல்லபடியாக முடிந்ததில்லை. உங்கள் குறையைச் சொல்லுமுன், மற்றவர் செய்வதில் நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள். "நீ நாலு மணிக்கே எழுந்துவிடுகிறாய் என்பது எனக்கு இத்தனை நாளாகத் தெரியவில்லை, என் தவறு" என்றேன். மனைவி பதில் பேசவில்லை. கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டு, அன்றுதான் முதன்முறையாக வேலைக்கு நடுவில் உட்கார்ந்தாள்.

வேலையை ஒப்படைக்கும்போது முழுவதாக ஒப்படையுங்கள். இதுதான் கடினமான பகுதி. குளியலறை டிரம்மை நிரப்பும் பொறுப்பை மகனிடம் விட்டோம். ஒருநாள் அவன் மறந்துவிட, அவனுடைய பாட்டி ஒரே ஒரு செம்பு நீரில் முகமும் காலும் கழுவிக்கொண்டார். எனக்கு நாக்கு துறுதுறுத்தது. ஆனால் நான் திட்டியிருந்தால், டிரம் மறுபடி என் வேலையாகியிருக்கும். மறுநாள் அவனே செல்பேசியில் அலாரம் வைத்துக்கொண்டான். குடிநீரில் மட்டும் இந்தப் பொறுமை கூடாது. அது தளதளவெனக் கொதித்ததா என்பதைப் பெரியவர் ஒருவர் நாள்தோறும் பார்த்தே ஆகவேண்டும்.

முதியவர்களிடமிருந்து அன்பின் பெயரால் வேலையைப் பிடுங்காதீர்கள். அம்மாவின் கையிலிருந்து குடத்தை நான் வாங்கிக்கொண்டபோது அவர் இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. கரும்புத் தோட்டக் குடியிருப்பில் பலருக்கும் பொதுவான ஒரே குழாயில் வரிசை நின்று வளர்ந்தவருக்கு, தண்ணீரைப் பற்றி நான் பாடம் நடத்தியிருக்கிறேன். பிறகு தூக்குவதை மட்டும் எங்களிடம் வைத்துக்கொண்டு, அளந்து கொடுக்கும் பொறுப்பை அவரிடமே விட்டோம். எதற்கு எத்தனை செம்பு என்பதில் அவர் சொன்னதுதான் கணக்கு. அதன் பிறகு மாலைக்குள் தண்ணீர் தீர்ந்துபோவதும் நின்றது.

குழாயில் தண்ணீர் திரும்பிய பிறகும் அந்தத் தாளைக் கிழித்துவிடாதீர்கள். முடிந்துபோன வேலைகளை அடித்துவிட்டுப் புதியவற்றை எழுதி வாருங்கள். எங்கள் தாளின் முதல் வரியில் இப்போது அம்மாவின் இரத்த அழுத்த மாத்திரை இருக்கிறது. அது தீருமுன் வாங்கி வருவது மகனின் பொறுப்பு.