சத்தம் கூடினால் மிக்ஸ் நன்றாகிவிடாது: லெவல் அளப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பதிவான குரலையும் கருவிகளையும் சேர்க்கும் மிக்ஸ் வேலையைப் புதிதாகப் பழகும் ஒரு தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சத்தமான இடங்களை அமுக்கும் கம்ப்ரஸரைப் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார். "போட்டாத்தான் நல்லா இருக்குண்ணா" என்றார். மீட்டரைப் பார்த்தால், போட்டபோது கிட்டத்தட்ட இரண்டு டெசிபல் கூடியிருந்தது. பழைய என்னையே பார்த்த மாதிரி இருந்தது. மீட்டர் எல்லையைத் தாண்டினால் எரியும் சிவப்பு விளக்கை எரியவிடாதே என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள், அதை விடுகிறேன்.

லவுட்னஸைச் (காதுக்குக் கேட்கும் சத்தத்தை) சமன் செய்யாமல் ஒப்பிடுவது

அரை டெசிபல், ஒரு டெசிபல் கூடினால் "சத்தம் கூடிவிட்டது" என்று காது சொல்லாது. "பேஸ் வந்துடுச்சு, திறந்து கேட்குது" என்றுதான் சொல்லும். சத்தம் குறைவாக இருந்தால் பேஸ் (கீழ்ச்சுருதி ஒலி) நமக்கு இன்னும் குறைவாகக் கேட்கும் என்பதை ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933இலேயே வளைகோடு போட்டுக் காட்டிவிட்டார்கள்.

இது தெரியாமல் ஒரே பாட்டுக்கு நான்கு இரவுகள் செலவழித்தேன். ஈக்யூ, கம்ப்ரஸர், சாச்சுரேஷன், லிமிட்டர் என்று நான் போட்ட ஒவ்வொரு ப்ளகினும் (ஒலியை மாற்றும் மென்பொருள்) கொஞ்சம் கொஞ்சம் சத்தத்தைக் கூட்ட, நான் அதை முன்னேற்றம் என்று நம்பினேன். ஐந்தாம் நாள் தொடக்கத்தில் செய்த பழைய ரஃப் மிக்ஸையும் இதையும் ஒரே லவுட்னஸில் வைத்துக் கேட்டேன். ரஃப் மிக்ஸில் ஸ்நேர் ட்ரம் பொறி பறந்தது. என்னுடையதில் அட்டைப்பெட்டியைத் தட்டுவது போல இருந்தது. எல்லாவற்றையும் கழற்றிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன், அதே சம்பளத்துக்கு.

இதைவிட எரிச்சல், பீக்கை (ஒலி அலையின் உச்சத்தை) வைத்துச் சமன் செய்வது. கம்ப்ரஸரின் வேலையே பீக்கை அமுக்குவதுதானே? இரண்டின் பீக்கும் மைனஸ் 3 டெசிபலில் (டிஜிட்டலில் உச்ச எல்லை 0) நின்றாலும் அமுக்கியதுதான் சத்தமாகக் கேட்கும். காது கேட்பதற்குக் கிட்டத்தில் வரும் எண் வேண்டுமென்றுதான் 2006இல் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் (ஐடியு) பிஎஸ் 1770 என்ற அளவீட்டு முறை வந்தது. லவுட்னஸைக் காட்டும் எல்யூஎஃப்எஸ் மீட்டர்கள் எல்லாம் அதன்படிதான் அளக்கின்றன. ப்ளகினைப் போட்டும் போடாமலும் ஒரே பகுதியை இரண்டு தடவை ஓட்டி, 3 வினாடிக்குக் கணக்கிடும் ஷார்ட் டேர்ம் எண்ணைப் பாருங்கள். கூடியிருக்கும் அளவை ப்ளகினின் அவுட்புட்டில் குறையுங்கள்.

அந்தத் தம்பி 1.8 டெசிபல் குறைத்தார். கேட்டார். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "எடுத்துடலாமாண்ணா?"

கோரஸை மட்டும் அளப்பது

மீட்டரில் இன்டக்ரேட்டட் என்ற எண் முழுப் பாட்டுக்கும் சேர்த்த லவுட்னஸ், கோரஸுக்கு மட்டும் அல்ல. ரீசெட் செய்து முதலிலிருந்து ஓட்டுங்கள்.

மோனோ ஃபைல்

தனிச் சேனலில் (மோனோ) மைனஸ் 23 எல்யூஎஃப்எஸ் காட்டிய குரல், அப்படியே இரண்டு பக்கமும் ஒலித்தால் மைனஸ் 20 ஆகிவிடும். பேட்டிகளைக் கோர்க்கும்போது ஒருவர் மட்டும் கத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சாம்பிள் பீக்கை நம்புவது

சாம்பிள் பீக் பதிவான புள்ளிகளை மட்டும் பார்க்கும்; அவற்றுக்கு இடையே எழும் உச்சத்தையும் கணக்கிடும் ட்ரூ பீக்கைப் பாருங்கள். மைனஸ் 0.1இல் நிறுத்திய மாஸ்டர் (இறுதி ஃபைல்), எம்பி3 ஆனதும் முகடு தாண்டி உடையலாம். நான் மைனஸ் 1க்கு மேல் விடுவதில்லை.

மானிட்டர் குமிழ்

ஸ்பீக்கர் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் இந்தக் குமிழை வேலைக்கு நடுவில் தொடாதீர்கள். மார்க்கரால் கோடு போட்டு வைத்திருக்கிறேன், அப்படியும் ராத்திரி பதினோரு மணிக்கு மேல் கை தானாக அங்கே போகிறது.