வேர்க்கடலை வெண்ணெய்: வீட்டிலும் உணவகத்திலும் பாதுகாப்பாகக் கையாளும் முறை

வேர்க்கடலை வெண்ணெய் எளிதில் கெட்டுப்போவதில்லை என்பதால், அதில் கிருமிகளும் இருக்காது என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். அதில் நீர்ச்சத்து மிகக் குறைவு என்பதால் சால்மோனெல்லா போன்ற பாக்டீரியாக்களால் பெருக முடியாது என்பது உண்மைதான். ஆனால் உற்பத்தியின்போதே உள்ளே புகுந்துவிட்டவை கொழுப்பின் பாதுகாப்பில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், வெப்பத்தையும் வழக்கத்தைவிட அதிகமாகத் தாங்கும். 2008–09இல் அமெரிக்காவில் மாசுபட்ட வேர்க்கடலை வெண்ணெயாலும் அது சேர்ந்த தின்பண்டங்களாலும் 700க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர்.

ஆகவே, ஒரு தயாரிப்பைத் திரும்பப் பெறுவதாக அறிவிப்பு வந்தால், சூடாக்கிப் பயன்படுத்தலாமா என்று யோசிக்காமல், லேபிளில் உள்ள பேட்ச் எண்ணைச் சரிபார்த்து அப்புறப்படுத்திவிட வேண்டும். உணவகங்களில் பெரிய டப்பாவிலிருந்து சிறு பாத்திரத்துக்கு மாற்றும்போதுதான் இந்த எண் தொலைந்துபோகிறது. மாற்றிய பாத்திரத்தின் மேல் பேட்ச் எண்ணையும் திறந்த தேதியையும் எழுதி ஒட்டுங்கள்; பழைய மீதியின் மேலேயே புதியதைக் கொட்டி நிரப்பாதீர்கள்.

தண்ணீர் சேர்ந்த நொடியில் கணக்கு மாறிவிடுகிறது. தண்ணீரோ பாலோ விட்டுக் கரைத்த சாஸ், ஜாடியில் இருந்த அதே பொருள் அல்ல. அதில் பாக்டீரியாக்கள் தாராளமாகப் பெருகும். அதை 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிரவைக்க வேண்டும், அல்லது 60 டிகிரிக்கு மேல் சூடாகவே வைத்திருக்க வேண்டும். மேசையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடக்கூடாது. ஜாடிக்குள் ஈரக் கரண்டியையோ, ரொட்டித் துணுக்கு ஒட்டிய கத்தியையோ விடக்கூடாது என்பதும் இதனால்தான்.

மேலே எண்ணெய் பிரிந்து நிற்பது கெட்டதற்கு அடையாளமல்ல, கிளறினால் போதும். எண்ணெய் பிரியும் வகையைத் திறந்தபின் ஃபிரிட்ஜில் வைப்பது நல்லது. சிக்கு வாடை வந்தால் தயங்காமல் கொட்டிவிடலாம். வீட்டிலேயே அரைப்பவர்கள் பூஞ்சை பிடித்த, நிறம் மாறிய, சுருங்கிய கடலையைப் பொறுக்கி எறிய வேண்டும்: பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு கல்லீரலைத் தாக்கக்கூடியது, வறுத்தாலும் முழுவதுமாக அழியாது.

எல்லாவற்றையும்விடக் கவனம் கோருவது ஒவ்வாமை. வேர்க்கடலை வெண்ணெய் தடவிய கத்தியைத் துணியால் துடைத்துவிட்டு, அதே கத்தியால் அடுத்த ரொட்டிக்கு ஜாம் எடுப்பதைப் பாருங்கள்: கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம் கத்தியில் இருக்கும், துணியிலும் இருக்கும், இப்போது ஜாம் பாட்டிலுக்குள்ளும் போயிருக்கும். கடுமையான ஒவ்வாமை உள்ளவருக்கு அந்த அளவே ஆபத்தாகலாம். சானிடைசர் கிருமியைக் கொல்லுமே தவிர வேர்க்கடலைப் புரதத்தை நீக்காது. கையையும் பலகையையும் சோப்புப் போட்டுக் கழுவத்தான் வேண்டும். உணவகத்தில் இதற்கெனத் தனிக் கரண்டியும், முடிந்தால் தனி மிக்ஸி ஜாரும் ஒதுக்குங்கள். இதில் வேர்க்கடலை இருக்கிறதா என்று வாடிக்கையாளர் கேட்கும்போது, “இருக்காதுங்க” என்று ஊகத்தில் சொல்வதுதான் பரிமாறுபவர் செய்யக்கூடிய மிக மோசமான காரியம் என்பேன். செய்முறையையும் லேபிளையும் பார்த்த பிறகே பதில் சொல்ல வேண்டும். உதடு வீங்குவது, மூச்சுத் திணறுவது, மயக்கம் வருவது போன்ற அறிகுறிகள் தென்பட்டால், மருத்துவர் பரிந்துரைத்த அட்ரினலின் ஊசி கையில் இருந்தால் உடனே போட்டு, அவசர ஊர்தியை அழைக்க வேண்டும். ஒவ்வாமை மாத்திரை அதற்கு ஈடாகாது.

சிறு குழந்தைகளுக்குக் கரண்டியோடு கட்டியாகக் கொடுத்தால் தொண்டையில் அடைத்துக்கொள்ளலாம். ரொட்டியில் மெலிதாகத் தடவியோ, கூழில் நன்றாகக் கரைத்தோ கொடுங்கள். வீட்டு நாய்க்கும் ஒரு வாய் தருபவர்கள் முதலில் லேபிளைப் படிக்கட்டும். சர்க்கரைக்குப் பதிலாகச் சில தயாரிப்புகளில் சேர்க்கப்படும் சைலிட்டால், மனிதருக்கு ஒத்துக்கொண்டாலும் நாய்க்கு நஞ்சு.