கிணறு ஏறியது மழையாலா, திட்டத்தாலா? இயற்கை வளத் திட்டங்களின் விளைவைக் கண்காணிக்க ஒரு வழிகாட்டி

இயற்கை வளத் திட்டங்களின் காலாண்டு அறிக்கைகளைப் படிப்பதுதான் என் வேலையில் பாதி. கட்டிய தடுப்பணை இத்தனை, நட்ட கன்று இத்தனை, பயிற்சிக்கு வந்தவர்கள் இத்தனை என்று பக்கம் பக்கமாக வரும். எல்லாம் உண்மையான எண்கள்தான். தண்ணீர் கூடியதா, மண் அரிப்பு குறைந்ததா, மேய்ச்சலை நம்பியிருக்கும் குடும்பங்களுக்குத் தீவனம் கிடைக்கிறதா என்று தேடினால் மட்டும் பதில் இருக்காது. அந்தப் பதிலைத் தேடிப் போவதற்குத்தான் விளைவு சார்ந்த கண்காணிப்பும் மதிப்பீடும் என்று பெயர்.

கல்வித் திட்டத்துக்கோ சுகாதாரத் திட்டத்துக்கோ இல்லாத ஒரு தலைவலி இங்கே உண்டு: மழை. நன்றாகப் பெய்த வருடத்தில் எல்லாத் திட்டமும் வெற்றி, பொய்த்த வருடத்தில் எல்லாம் தோல்வி. மழை செய்த வேலையையும் திட்டம் செய்த வேலையையும் பிரித்துக் காட்ட முடியவில்லை என்றால் நீங்கள் அளந்த எதற்கும் மதிப்பில்லை. கீழே சொல்வதெல்லாம் அந்தப் பிரிப்புக்காகத்தான்.

முதலில் சங்கிலியை எழுதுங்கள்

பணம், ஆள், பொருள் என்ற உள்ளீட்டில் தொடங்கி செயல்பாடு, வெளியீடு, விளைவு, தாக்கம் என்று போகும் சங்கிலி உங்களுக்குத் தெரிந்திருக்கும். தடுப்பணை வெளியீடு. மழை நின்ற பிறகும் சுற்றுக் கிணறுகளில் கூடுதல் நாள் தண்ணீர் நிற்பது விளைவு. அதை வைத்து இரண்டாம் பயிர் எடுத்து ஒரு குடும்பம் கடனைக் குறைத்தால் அது தாக்கம். இதை ஒரு தாளில் எழுத அரை மணி நேரம் போதும்.

நேரம் செலவிட வேண்டிய இடம் கண்ணிகளுக்கு நடுவே இருக்கிறது. 1969-இல் அமெரிக்காவின் யுஎஸ்எய்டு நிறுவனத்துக்காக உருவாக்கப்பட்ட, திட்டத்தின் இந்தச் சங்கிலியை ஒரே பக்கத்தில் சுருக்கிக் காட்டும் லாக்ஃபிரேம் அட்டவணையில் ‘அனுமானங்கள்’ என்று ஒரு பத்தி உண்டு. பெரும்பாலோர் அதில் ‘போதிய மழை பெய்யும்’, ‘மக்கள் ஒத்துழைப்பார்கள்’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நான் அந்தப் பத்தியிலிருந்துதான் தொடங்கச் சொல்வேன். கூடுகிற தண்ணீரை யாரும் புது போர் போட்டு உறிஞ்ச மாட்டார்கள் என்பது ஒரு அனுமானம். நடக்கிற கதை வேறு. கிணற்றில் தண்ணீர் தெரிந்ததும் புது போர் வரும், அதிகம் தண்ணீர் குடிக்கிற பயிர் வரும், நாலைந்து வருடத்தில் நீர்மட்டம் பழைய இடத்துக்கே போய்விடும். நீர்மட்டத்தை மட்டும் அளந்தவர் ‘திட்டத்தால் பயனில்லை’ என்று எழுதுவார். மோட்டார் ஓடும் நேரம், புது போர்களின் எண்ணிக்கை, பாசனப் பரப்பு ஆகியவற்றையும் சேர்த்து அளந்தவருக்குத்தான் தண்ணீர் எங்கே போனது என்று தெரியும். எனவே, உடைய வாய்ப்புள்ள ஒவ்வொரு அனுமானத்துக்கும் ஒரு குறிகாட்டி, அதாவது அளந்து பார்க்கக்கூடிய ஒரு அடையாளம், வையுங்கள்.

குறிகாட்டிகள்: குறைவாக, ஆனால் முழுதாக

முப்பது நாற்பது குறிகாட்டிகளோடு ஒரு திட்ட ஆவணம் வந்தால், அதில் எதையும் யாரும் ஒழுங்காக அளக்கப் போவதில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். விளைவு நிலையில் ஆறேழு போதும். ‘நிலத்தடி நீர்மட்டம் உயர்தல்’ என்பது ஆசை, குறிகாட்டி அல்ல. ‘கோடையின் கடைசி வாரத்தில், அடையாளமிட்ட கண்காணிப்புக் கிணறுகளில், தரைமட்டத்திலிருந்து நீர் எத்தனை மீட்டர் ஆழத்தில் இருக்கிறது’ என்று எழுதினால் அது குறிகாட்டி. யார் அளப்பார், எந்த நோட்டில் எழுதுவார் என்பதையும் பக்கத்திலேயே குறித்துவிடுங்கள்.

கிணற்றை அளப்பது எளிது என்று நினைப்பவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கைப்பிடிச் சுவரில் ஒரு இடத்தில் பெயிண்டால் கோடு போடுங்கள். எப்போதும் அந்தக் கோட்டிலிருந்துதான் நாடாவை இறக்க வேண்டும். கோட்டுக்கும் தரைக்கும் உள்ள உயரத்தை முதல் நாளே அளந்து எழுதி வைத்து, ஒவ்வொரு அளவிலும் கழியுங்கள். இதைச் செய்யாமல் விட்ட கிணற்றில் யாராவது சுவரை 30 செ.மீ. உயர்த்திக் கட்டினால், உங்கள் நோட்டில் தண்ணீர் 30 செ.மீ. கீழே போயிருக்கும். நாடாவின் நுனியில் அடிப்பக்கம் குழிந்த சின்ன உலோகக் கிண்ணத்தைக் கட்டி இறக்கினால், நீரைத் தொட்டதும் ‘ப்ளக்’ என்று சத்தம் கேட்கும். ஆழ்துளைக் கிணற்றுக்குள் எட்டிப் பார்க்க முடியாது, அந்தச் சத்தம்தான் வழி. காலையில் மோட்டார் போடுவதற்கு முன்பு அளக்க வேண்டும். பக்கத்துக் கிணற்றில் இரவெல்லாம் மோட்டார் ஓடியதா என்று கேட்டு அதையும் எழுத வேண்டும்.

இன்னொன்று. கிணற்றில் 1 மீட்டர் ஏறியது என்றதும் பெரிய சாதனை போலத் தோன்றும். கடினப் பாறைப் பகுதிகளில் பாறை இடுக்குகளில் தங்கும் நீர் மிகக் குறைவு. அது பாறையின் கன அளவில் 2 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், அந்த 1 மீட்டர் ஏற்றம் நிலத்தின் மேல் 20 மி.மீ. தண்ணீர் நிற்பதற்குத்தான் சமம். அறிக்கையில் மீட்டரோடு சேர்த்து இந்தக் கணக்கையும் எழுதுங்கள், படிப்பவர்கள் நிதானமாகப் பேசுவார்கள்.

மரக்கன்றுக்கு வேறு விதமான கவனம் வேண்டும். பிழைத்த கன்றை எண்ணாதீர்கள், குழியை எண்ணுங்கள். தோண்டிய குழி 100, அதில் உயிரோடு நிற்பது எத்தனை என்பதுதான் கேள்வி. வெற்றுக் குழிகளைத் தாண்டி நடந்துவிட்டு ‘90 விழுக்காடு’ என்று சொல்வது ரொம்ப சுலபம். மழைக்குப் பிறகு எண்ணினால் எல்லாம் பச்சையாகத்தான் இருக்கும், கோடை முடிந்து எண்ணுங்கள். செத்த இடத்தில் மறுநடவு செய்த கன்றுக்கு வேறு நிறத்தில் அடையாளம் வையுங்கள். இல்லையென்றால் மூன்று முறை நட்ட குழியும் முதல் முறையே பிழைத்த குழியும் ஒரே கணக்கில் வந்துவிடும். ஒப்பந்தக்காரருக்குப் பணம் பிழைப்பு விகிதத்தைப் பார்த்துத்தான் போகிறது என்றால், அவருடைய ஆட்களை எண்ண விடாதீர்கள்.

மண்ணின் கரிமச் சத்தை ஆண்டுதோறும் அளக்கச் சொல்பவர்களிடம் நான் சண்டை போடுவேன். காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டுக் குழுவான ஐபிசிசி-யின் கணக்கீட்டு வழிமுறையே மேல் 30 செ.மீ. மண்ணில் ஏற்படும் மாற்றத்தைப் பொதுவாக 20 வருடத்துக்குப் பரப்பிப் பார்க்கிறது. மூன்று வருடத் திட்டத்தில் வருடா வருடம் மாதிரி எடுத்தால் பெரும்பாலும் ஆய்வகப் பிழையைத்தான் அளப்பீர்கள். தொடக்கத்தில் ஒருமுறை ஒழுங்காக எடுத்து, இடத்தை ஜிபிஎஸ்-இல் குறித்து வைத்தால் போதும்.

மழையைப் பிரிப்பது

வேலை தொடங்குவதற்கு முன்பே அடிப்படை நிலையை அளக்க வேண்டும். முடிந்தால் ஒரு வருடத்துக்கு மேற்பட்ட அளவு இருக்கட்டும், ஒரே வருடம் என்றால் அது எப்படிப்பட்ட வருடம் என்று யாருக்கும் தெரியாது. அப்புறம், திட்டப் பகுதியைப் போன்றே மண், சரிவு, பயிர் உள்ள, திட்டம் போகாத ஒரு ஒப்பீட்டுப் பகுதியைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு இடத்திலும் மழைமானி வையுங்கள். பல கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நிலையத்தின் மழை உங்கள் ஓடையில் பெய்த மழை ஆகாது.

கணக்கு நேரானது. எடுத்துக்காட்டுக்கு, திட்டப் பகுதிக் கிணறுகள் சராசரியாக 3 மீட்டர் ஏறின, ஒப்பீட்டுப் பகுதியில் 2.2 மீட்டர் ஏறின என்றால், திட்டத்தின் பங்காக நீங்கள் பேசக்கூடியது 0.8 மீட்டர். வறட்சி வருடத்தில் ஒப்பீட்டுப் பகுதி 2 மீட்டர் இறங்கி உங்கள் பகுதி 1 மீட்டர் மட்டும் இறங்கியிருந்தால், அது நல்ல விளைவு. ஒப்பீடு இல்லாத அறிக்கை அதைத் தோல்வி என்று எழுதியிருக்கும். ஒப்பீட்டுப் பகுதி ஓடையின் கீழ்ப்பக்கம் இருக்கக் கூடாது. மேலே நீங்கள் நிறுத்திய தண்ணீர் கீழே வராமல் போயிருக்கும், அதனால் உங்கள் வெற்றி பெரிதாகத் தெரியும். கீழ்ப்பக்கத்தை இழப்பைப் பார்ப்பதற்காகத் தனியாக அளக்க வேண்டும்.

அடிப்படை ஆய்வே செய்யாமல் தொடங்கிவிட்ட திட்டமா? சரி, முழுதும் போய்விடவில்லை. லாண்ட்சாட் செயற்கைக்கோள்கள் 1972 முதல் படம் எடுக்கின்றன, 2008 முதல் அந்தப் படங்கள் இலவசம். 2015-இல் ஏவப்பட்ட சென்டினல்-2 தரையில் பத்து மீட்டர் அளவுள்ள இடம் வரை பிரித்துக் காட்டும். பழைய வருடங்களின் பசுமைக் குறியீட்டை (தரையில் எவ்வளவு பச்சை என்று படத்திலிருந்து கணக்கிடும் எண்) எடுத்து, அதே மழை பெய்த வருடங்களோடு ஒப்பிடலாம். ஆனால் பசுமை கூடியது என்று படம் சொன்னால், நேரில் போய்ப் பார்க்காமல் எழுதாதீர்கள். மேய்ச்சல் நிலத்தைச் சீமைக்கருவேலம் மூடியிருந்தாலும் படத்தில் பச்சைதான்.

ஆட்களிடம் கேட்பது

‘திட்டத்தால் பயன் அடைந்தீர்களா?’ என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள், அடுத்த கட்டம் வேண்டுமே. ‘கடைசியாக விறகுக்கு எங்கே போனீர்கள், எப்போது கிளம்பி எப்போது திரும்பினீர்கள்?’ என்று கேளுங்கள். நிலம் இல்லாதவர்கள், ஆடு வைத்திருப்பவர்கள், பெண்கள் ஆகியோரின் பதில்களைத் தனித்தனியாகத் தொகுங்கள். பொது நிலத்தை வேலி போட்டு மூடினால் உள்ளே புல் வளரும், ஆடுகள் வேறு இடத்துக்குப் போகும். அந்த வேறு இடத்தையும் ஒருமுறை போய்ப் பாருங்கள். வேலிக்குள் மட்டும் எடுத்த அளவு பாதிக் கணக்குதான்.

மதிப்பீடு எப்போது

பொருளாதாரக் கூட்டுறவு மற்றும் வளர்ச்சி அமைப்பான ஓஇசிடி-யின் வளர்ச்சி உதவிக் குழு 1991-இல் வகுத்த ஐந்து அளவுகோல்கள், 2019-இல் ‘ஒத்திசைவு’ சேர்ந்து ஆறாயின. பொருத்தம், ஒத்திசைவு, செயல்திறம், சிக்கனம், தாக்கம், நீடிப்பு ஆகிய ஆறையும் ஒரே எடையோடு எழுத வேண்டியதில்லை. இயற்கை வளத்தில் எனக்கு முக்கியம் நீடிப்பு. திட்டம் முடிகிற மாதத்தில் அதை யாராலும் மதிப்பிட முடியாது. மூன்று நான்கு வருடம் கழித்து ஒருவர் திரும்பிப் போவதற்கான பணத்தை முதல் பட்ஜெட்டிலேயே ஒதுக்கச் சொல்லுங்கள். அவர் தடுப்பணையில் வண்டல் எவ்வளவு சேர்ந்திருக்கிறது, யார் தூர் வாரினார்கள், பராமரிப்பு நிதியில் கடைசியாக எப்போது பணம் எடுத்தார்கள் என்று பார்க்கட்டும்.

அவர் அதே கிணற்றை அளக்க வேண்டும் என்றால் கிணற்றின் பட்டியல், பெயிண்ட் கோட்டின் புகைப்படம், தரையிலிருந்து கோட்டின் உயரம், மழைமானி நோட்டு எல்லாம் அலுவலகக் கணினியில் மட்டும் இருக்கக் கூடாது. ஒரு நகல் நீர் பயன்படுத்துவோர் குழுவிடம் இருக்கட்டும், அவர்களில் நாடா பிடிக்கத் தெரிந்தவர் இரண்டு பேராவது இருக்க வேண்டும்.