மொட்டை மாடியில் சிங்கம், ரிங்குக்குள் மூச்சு வாங்குவது ஏன்?

போன மாதம் எங்கள் பாக்ஸிங் கிளப்புக்கு ஒரு தம்பி வந்தான். ஆறு மாதமாக வீடியோ பார்த்து மொட்டை மாடியில் உடம்பைத் தயார் செய்திருக்கிறான். வயிற்றில் தசைக்கட்டு தெரிகிறது. ஒரே மூச்சில் அறுபது தண்டால் எடுக்கிறான். சரி, ஸ்பாரிங்கில், அதாவது எதிரே ஆளை நிறுத்தி மோதும் பயிற்சியில், இறங்கு என்றோம். முதல் ரவுண்டு புயல். இரண்டாவது ரவுண்டில் பாதிகூடத் தாண்டவில்லை, இரண்டு கையும் இடுப்புக்கு இறங்கிவிட்டன. எதிரே நின்ற பள்ளிக்கூடப் பையன் பாவம் பார்த்து அடிப்பதை நிறுத்திவிட்டான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அதே மாதிரி கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்.

வார்ம்-அப் செய்யுங்கள், தண்ணீர் குடியுங்கள், நன்றாகத் தூங்குங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன். வீட்டில் தயாராகிறவர்கள் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

தினமும் நாக்குத் தள்ளினால்தான் பயிற்சி என்று நினைப்பது

இதைப் பற்றித்தான் நிறையப் பேச வேண்டும். எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

அப்போது நான் பிடித்துக்கொண்டது ஓர் அறுபது நாள் திட்டம். தினமும் நாற்பது நிமிடம் பர்ப்பி (குனிந்து, தண்டால் நிலைக்குப் போய், எழுந்து குதிப்பது), குதிப்பு, பஸ்கி, மறுபடியும் பர்ப்பி. முடிக்கும்போது தரையில் ஒரு குட்டை வியர்வை. அந்தக் குட்டையைப் பார்த்துத்தான் எனக்கு நானே மார்க் போட்டுக்கொண்டேன். மெதுவாக ஓடுவது நடைப்பயிற்சிக்கு வரும் தாத்தாக்களின் வேலை என்று ஒரு திமிர் வேறு. அறுபதாவது நாள் கண்ணாடி என்னைப் பாராட்டியது. அடுத்த வாரம் ரிங்கில் ஒன்றரை ரவுண்டுதான் தாங்கினேன்.

கணக்கு எளிது. அமெச்சூர் பாக்ஸிங்கில் ஒரு போட்டி என்பது 3 நிமிட ரவுண்டு மூன்று, நடுவில் ஒரு நிமிட ஓய்வு. நான்கைந்து குத்துகளை வேகமாக விட்டால், அதற்கான சக்தி தசைக்குள் ஏற்கனவே சேர்ந்திருக்கும் இருப்பிலிருந்து வருகிறது. அந்த இருப்பு சில வினாடிகளில் கரைந்துவிடும். அதை மறுபடி நிரப்புவது ஆக்ஸிஜன். பின்வாங்கி நிற்கும் ஐந்து வினாடியிலும், மூலையில் உட்காரும் அந்த ஒரு நிமிடத்திலும் எவ்வளவு நிரம்புகிறது என்பதுதான் ஸ்டாமினா. ஒரு துடிப்புக்கு அதிக ரத்தத்தைத் தள்ளும் இதயம் இருந்தால் சீக்கிரம் நிரம்பும். அப்படிப்பட்ட இதயத்துக்கு அடித்தளம் போடுவது, பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் அரை மணி, முக்கால் மணி, மாதக்கணக்கில் ஓடும் ஓட்டம்.

தினமும் உயிரைக் கொடுத்துக் குதித்தால் என்ன ஆகும்? நேற்றைய களைப்பு தீருவதற்குள் இன்றையது வந்துவிடும். வேகமாகச் செய்ய வேண்டிய நாளில் வேகம் வராது, மெதுவாகச் செய்ய வேண்டிய நாள் என்று ஒன்றே இருக்காது. எல்லா நாளும் அரைவேக்காடு. காலையில் படுக்கையிலேயே நாடி பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. அந்தத் திட்டத்தின் ஐந்தாவது வாரத்தில் 60-ல் இருந்தது 72-க்கு ஏறியிருந்தது. உடம்பு கத்தியது, நான் அதை முன்னேற்றம் என்று எடுத்துக்கொண்டேன்.

இன்னொன்று சொல்ல வேண்டும். நாற்பது நிமிடம் குதிக்கவிட்டு அதற்கு ‘டபாட்டா’ என்று பெயர் வைக்கிறார்கள். ஜப்பானிய ஆய்வாளர் இசுமி டபாட்டாவும் அவருடைய குழுவும் 1996-ல் வெளியிட்ட ஆய்வில் இருந்தது சைக்கிள் மிதிப்பது: 20 வினாடி முழு வேகம், 10 வினாடி ஓய்வு, ஏழெட்டு முறை. நான்கு நிமிடத்தில் ஆள் காலி. அந்த ஆய்வில் மிதித்தவர்கள்கூட வாரத்தில் ஒரு நாள் அரை மணி நேரம் சீரான வேகத்தில் மிதித்திருக்கிறார்கள். நான் பார்த்த ஒரு வீடியோவும் இதைச் சொன்னதில்லை.

என்னைத் திருத்தியவர் கிளப்பில் இருந்த ஒரு வயதான மாஸ்டர். மெரினாவில் காலை ஐந்தரைக்குக் கூட்டிக்கொண்டு போய், “என்கூடப் பேசிக்கிட்டே ஓடு. பேச்சு நின்னா வேகத்தைக் குறை” என்றார். முதல் வாரம் அவமானமாக இருந்தது, நடப்பவர்கள் என்னைத் தாண்டிப் போனார்கள். மூன்றாவது மாதம் கிளப் பையன்களோடு மூன்று ரவுண்டும் நின்றேன்.

இப்போது நான் சொல்லிக்கொடுப்பது இதுதான்: வாரத்தில் மூன்று நாள் மெதுவான ஓட்டம், கடுமையான பயிற்சி இரண்டே நாள். அந்த இரண்டு நாளும் வீடியோவின் 40 வினாடி வேலை, 20 வினாடி ஓய்வு என்ற கணக்கு வேண்டாம். போனில் மூன்று நிமிடம், ஒரு நிமிடம் என்று டைமர் வைத்து, ஷேடோ பாக்ஸிங்கையும் (எதிராளி இல்லாமல் காற்றில் குத்துவது) பர்ப்பியையும் ரவுண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மணி அடித்தால் நிறுத்துங்கள்.

அப்புறம், அந்தத் தம்பி திணறியதற்கு ஸ்டாமினா மட்டுமே காரணமில்லை. பயத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு குத்தினான். எதிரே ஆள் நின்றால் எல்லோருக்கும் இது வரும். வீட்டில் காற்றில் குத்தும்போதே ஒவ்வொரு குத்துக்கும் ‘ஸ்’ என்று மூச்சை விட்டுப் பழகுங்கள்.

டம்பெல் பிடித்துக் காற்றில் குத்துவது

குத்து முன்னால் போகிறது, டம்பெல் கீழே இழுக்கிறது. ஆக, பலப்படுவது குத்து இல்லை, கையைத் தூக்கிப் பிடிக்கும் தோள்பட்டை மட்டும்தான். அதுவும் வேகமாக வீசினால் முழங்கை மூட்டு வெடுக்கென்று இழுபடும். என் வலது முழங்கை மழைக்காலத்தில் இன்னும் ஞாபகப்படுத்துகிறது. கனம் வேண்டுமென்றால் ஸ்பாரிங் கிளவுஸைப் போட்டுக்கொண்டு செய்யுங்கள், போதும்.

தண்டால் மட்டும் எடுப்பது

வீட்டுத் திட்டங்களில் தள்ளுவது அதிகம், இழுப்பது குறைவு. சாதனம் வேண்டாம் என்று விளம்பரம் செய்கிறவர்கள் இழுப்பதற்கு எதைக் கொடுப்பார்கள்? பாக்ஸர் ஏற்கனவே தோளைக் கூனி நிற்கிறவன். முதுகுக்கு வேலை இல்லையென்றால் தோள் முன்னால் வந்து வலிக்க ஆரம்பிக்கும். ஒரு பிளாஸ்டிக் குடத்தில் முக்கால்வாசி தண்ணீர் பிடியுங்கள். ஒரு கையைக் கட்டிலில் ஊன்றிக் குனிந்து, மற்றக் கையால் குடத்தை இடுப்புவரை இழுங்கள். எத்தனை தண்டாலோ அத்தனை இழுப்பு.

கையில் பேண்டேஜ் சுற்றாமல் பஞ்சிங் பேக் அடிப்பது

வேண்டாம்.

ரெயின்கோட் போட்டு ஓடி எடை குறைப்பது

போவது கொழுப்பு இல்லை, தண்ணீர். சென்னை மே மாதத்தில் செய்தால் ஆளே போவான்.

மாடித் தரையில் வெறுங்காலோடு ஸ்கிப்பிங்

இரண்டு வாரத்தில் முழங்காலுக்குக் கீழே, எலும்பின் உள்பக்கம் ஒரு வலி பிடிக்கும். பிடித்தால் சீக்கிரம் விடாது. ஷூ போடுங்கள், ஒரு ரப்பர் பாயை விரியுங்கள். தரையை விட்டு ஓர் அங்குலம் எழும்பினால் கயிறு தாராளமாகப் போகும். கீழ் வீட்டுக்காரர் படியேறி வந்து கேட்கிறார் என்றால் நீங்கள் ரொம்ப உயரம் குதிக்கிறீர்கள்.