வீட்டைக் கொளுத்தாமல் சேட்டை செய்வது எப்படி?

பலர் சேர்ந்து ஆடும் இணைய விளையாட்டில் சேட்டையே கூடாது என்று உபதேசிப்பவள் அல்ல நான். சொந்தக்காரர்களும் நண்பர்களுமாக ஒரு சிறு கூட்டம் ஆடும் மைன்கிராஃப்ட் (கட்டைகளை அடுக்கி வீடும் ஊரும் கட்டும் ஆட்டம்) சர்வரை நடத்துகிறேன். அதன் நிர்வாகியும் நான்தான், அங்கே அதிகம் விஷமம் செய்பவளும் நான்தான். கேட்டால் இரண்டாவதை மறுத்துவிடுவேன். திருடனும் காவல்காரனும் ஒரே ஆளாக இருப்பதில் ஒரு வசதி உண்டு: எது சேட்டை, எது நாசவேலை என்ற வழக்குகள் எல்லாம் என்னிடமே வருகின்றன. அந்த அனுபவத்திலிருந்து, சேட்டையை உருப்படியாகச் செய்யும் முறையைச் சொல்கிறேன்.

சேட்டைக்கு ஆளானவர் பழைய நிலைக்குத் திரும்ப எவ்வளவு நேரம் ஆகும்? நான் பார்ப்பது இதை மட்டும்தான். ஒரு நிமிடத்தில் முடியுமென்றால் தாராளமாகச் செய்யுங்கள். அதற்கு மேல் ஆகுமென்றால், சரிசெய்யும் வேலை உங்களுடையது.

இந்தக் கணக்கில் தேறாத பிரபலமான சேட்டை ஒன்று உண்டு: அடுத்தவர் வீட்டைக் கோழிகளால் நிரப்புவது. மைன்கிராஃப்டில் எறிகிற முட்டைகளில் ஏறக்குறைய எட்டில் ஒன்றுதான் குஞ்சாகும். ஓர் அடுக்குக்கு 16 முட்டை. ஆக, அடுக்குக்கு இரண்டு குஞ்சு. நாற்பது கோழி வேண்டுமென்றால் இருபது அடுக்கு முட்டை சேர்க்க வேண்டும். அவ்வளவு பொறுமையாகச் சேர்த்தவர் இரண்டு நிமிடத்தில் எல்லாவற்றையும் எறிந்துவிட்டுப் போய்விடுவார். மிச்ச மாலை முழுவதும் கோழி விரட்டுவது வீட்டுக்காரர் பாடு. சர்வரும் திணறும். என் சர்வரில் இதற்குத் தடை இருக்கிறது; தடையை மீறியவர் அத்தனை கோழிகளையும் ஓட்டிக்கொண்டு தன் வீட்டுக்குப் போக வேண்டும்.

யாரிடம் செய்வது

புதிதாகச் சேர்ந்தவரை விட்டுவிடுங்கள். எது ஆட்டத்தின் இயல்பு, எது உங்கள் கைவரிசை என்று அவருக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஆட்டமே இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்து மறுநாள் வராமலேயே இருந்துவிடுவார். உங்களைவிடப் பலசாலியாக, உங்களிடம் ஏற்கெனவே சேட்டை செய்தவராகப் பாருங்கள்.

1997 ஆகஸ்டில், அல்டிமா ஆன்லைன் சோதனை ஓட்டத்தில் இருந்தபோது நடந்தது இன்றும் பேசப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆட்டத்தைப் படைத்த ரிச்சர்ட் கேரியட், லார்ட் பிரிட்டிஷ் என்ற அரசர் வேடத்தில் மக்களுக்குக் காட்சி தந்துகொண்டிருந்தார். அந்த அரசருக்குச் சாவே கிடையாது. ஆனால் சர்வர் ஒருமுறை விழுந்து எழுந்த பிறகு, சாகாவரத்தை மறுபடி போட்டுக்கொள்ள அவர் மறந்திருந்தார். கூட்டத்தில் இருந்த ஓர் ஆட்டக்காரர், வேறொருவர் பையிலிருந்து திருடிய, தீ மந்திரம் எழுதிய சுருள் ஒன்றை ஏவிவிட்டார். அரசர் அங்கேயே விழுந்தார். குறிவைத்தது சர்வரிலேயே பெரிய ஆளை. போனது ஒரு வேடத்தின் உயிர், அதுவும் திரும்பி வந்துவிட்டது.

கை வைக்கக் கூடாதவை என்று நான் சொல்வது மூன்று: வளர்ப்பு விலங்கின் உயிர், பெட்டியில் உள்ள பொருள், கட்டி முடித்த கட்டடம். ஓநாயை வளர்த்தவரிடம் ‘இன்னொன்றைப் பழக்கிக்கொள்’ என்று சொல்கிற ஆளோடு எனக்குப் பேச்சே இல்லை.

சீறும் பெட்டி

நான் செய்ததில் எனக்குப் பிடித்தது இது. க்ரீப்பர் என்ற அரக்க உயிரி முதுகுக்குப் பின்னால் வந்து சீறினால் ஒன்றரை நொடியில் வெடித்துவிடும் என்பது ஆடுகிற எல்லாருக்கும் உடம்பிலேயே ஊறியிருக்கும். அந்தச் சீறலை மட்டும் கொடுத்து வெடிப்பைக் கொடுக்காமல் விடுவதுதான் வேலை.

2023இல் வந்த 1.20 பதிப்பிலிருந்து, நோட் பிளாக் என்ற இசைக்கட்டையின் மேல் ஓர் உயிரியின் தலையை வைத்தால், இசைக்குப் பதிலாக அந்த உயிரியின் குரல் வரும். க்ரீப்பர் தலை என்றால் சீறல். தலை கிடைப்பதுதான் கடினம். இடியுடன் மழை பெய்யும்போது, சேனலிங் மந்திரம் ஏற்றிய திரிசூலத்தை ஒரு க்ரீப்பர்மேல் எறிந்து மின்னலை இறக்க வேண்டும். மின்னல் ஏறிய அந்த க்ரீப்பர் வெடித்து இன்னொரு க்ரீப்பர் சாக வேண்டும். அப்போதுதான் தலை விழும். இவ்வளவு பாடு படுவதால்தான் இதை யாரும் எதிர்பார்ப்பதில்லை.

அடுத்து டிராப்டு செஸ்ட் எனப்படும் பொறிப்பெட்டி. சாதாரணப் பெட்டியோடு டிரிப்வயர் கொக்கி ஒன்றைச் சேர்த்தால் செய்துவிடலாம். பார்க்கச் சாதாரணப் பெட்டி மாதிரியே இருக்கும். பூட்டைச் சுற்றி மட்டும் லேசான சிவப்பு. அவசரக்காரர் கண்ணில் படாது. நிதானமாகப் பார்த்துக் கண்டுபிடிப்பவர் வெற்றி பெற்றவர், அவரிடம் தோற்றுப்போவதில் வெட்கமில்லை.

பழைய பெட்டியை எடுப்பதற்கு முன் அதைத் திறந்து ஒரு திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பொறிப்பெட்டியிலும் ஒவ்வொரு பொருளும் அதே கட்டத்தில் இருக்க வேண்டும். பொருள் இடம் மாறியிருந்தால் சீறலுக்கு முன்பே சந்தேகம் வந்துவிடும். பழையது இரட்டைப் பெட்டியாக இருந்தால் பொறிப்பெட்டியும் இரண்டு வேண்டும். சாதாரணப் பெட்டியோடு அது ஒட்டாது.

இப்போது இயந்திரம். பொறிப்பெட்டியைத் திறந்ததும் அதன் அடியில் உள்ள தரைக்கட்டைக்கு ரெட்ஸ்டோன் விசை (ஆட்டத்துக்குள் மின்சாரம் மாதிரி) பாய்கிறது. பெட்டி சுவரை ஒட்டி இருக்கட்டும். சுவருக்கு நேர் கீழே, அந்தத் தரைக்கட்டையை ஒட்டினாற்போல் நோட் பிளாக்கைப் புதையுங்கள். அதற்கு மேலே, பெட்டிக்கு நேர் பின்னால் உள்ள சுவர்க்கட்டையை எடுத்துவிட்டு அங்கே தலையை வையுங்கள். பெட்டியே தலையை மறைத்துக்கொள்ளும். வெளிப்பக்கத்தில் ஓட்டை தெரிந்தால் இன்னொரு கட்டையால் அடைத்துவிடுங்கள். பெட்டியின் அடியில் இருப்பது முழுக்கட்டையாக இருப்பது முக்கியம். கண்ணாடித் தரையாகவோ அரைக்கட்டையாகவோ இருந்தால் விசை ஏறாது, நீங்கள் புதரில் ஒளிந்து காத்திருந்ததுதான் மிச்சம்.

தலை கிடைக்காதவர்கள் அந்த இடத்தை வெறுமையாக விட்டு, நோட் பிளாக்கின் அடியில் ஒரு பூசணிக்காயை வையுங்கள். டிஜிரிடூ என்ற ஆஸ்திரேலிய ஊதுகுழலின் உறுமல் வரும். பயம் வராது, ஆனால் ரொட்டி எடுக்கும் ஒவ்வொரு தடவையும் பெட்டி உறுமுவதில் தனிச் சுகம் இருக்கிறது.

என் அக்கா மகன் வீட்டில்தான் முதலில் வைத்தேன். பெட்டியைத் திறந்தான், சீறியது. திரும்பிப் பார்த்தான், எதுவும் இல்லை. வாளை நாற்புறமும் வீசிக்கொண்டே வெளியே ஓடி, அரட்டைப் பெட்டியில் எழுதினான்: “சித்தி, வீட்டுக்குள் க்ரீப்பர் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியவில்லை!” “கதவைச் சாத்தி வைக்கச் சொன்னேனே” என்று பதில் போட்டேன். மறுபடி உள்ளே போய்த் திறந்தான், மறுபடி ஓடினான். பிறகுதான் பூட்டின் சிவப்பைப் பார்த்தான். அதற்கு அப்புறம் அவன் செய்ததுதான் எனக்குக் கிடைத்த சான்றிதழ்: அவன் அதைப் பிடுங்கவில்லை. தன்னிடம் இருந்த ரொட்டியை எல்லாம் அந்தப் பெட்டியில் நிரப்பி, வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் “பசியாக இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்ல ஆரம்பித்துவிட்டான்.

நேரமில்லாதவர்களுக்குத் தலைகீழ்க் குதிரை. பெயர்ப்பட்டை ஒன்றை எடுத்து, பட்டறைக்கல்லில் வைத்து ‘டின்னர்போன்’ என்று ஆங்கிலத்தில் பெயரிடுங்கள். முதலெழுத்து பெரிய எழுத்தாக இருக்க வேண்டும். அதைக் குதிரைக்குக் கட்டினால், அது நான்கு கால்களையும் வானத்துக்குக் காட்டிக்கொண்டு நடக்கும். ஏறிச் சவாரியும் செய்யலாம். குதிரைக்கு முன்பே பெயர் இருந்ததா என்று பார்த்து, அந்தப் பெயர் எழுதிய இன்னொரு பட்டையை வாசலில் வைத்துவிட்டு வாருங்கள்.

புரளி கிளப்புவது

புரளிக்கு ஆதாரம் குறைவாக இருக்க வேண்டும். மைன்கிராஃப்டில் உலவும் பேய் என்று சொல்லப்பட்ட ஹெரோபிரைன் கதை 2010இல் கிளம்பியது. மூடுபனிக்குள் ஓர் உருவம், வெறும் வெள்ளைக் கண்கள், இலையில்லாத மரங்கள், யாரும் தோண்டாத சுரங்கம். மொத்த ஆதாரமும் இதுதான். அப்படி ஓர் உயிரி ஆட்டத்தில் எப்போதுமே இருந்ததில்லை. ஆட்டத்தைத் தயாரிக்கும் மோஜாங் நிறுவனமோ மறுப்பதை விட்டுவிட்டு, புதிய பதிப்புகளின் மாற்றப் பட்டியலில் ‘ஹெரோபிரைன் நீக்கப்பட்டது’ என்று அடிக்கடி ஒரு வரி சேர்த்தது. நீக்கியதாகச் சொன்னால் இருந்ததாகத்தானே அர்த்தம்!

டயப்ளோ என்ற ஆட்டத்தின் மாட்டுக் கதையும் இப்படித்தான். முதல் டயப்ளோவில் ஒரு மாட்டைத் திரும்பத் திரும்பச் சொடுக்கினால் ரகசியக் கட்டம் திறக்கும் என்று ஒரு வதந்தி இருந்தது. அது பொய். அதே நிறுவனம் 1998இல் வெளியிட்ட ஸ்டார்கிராஃப்ட் ஆட்டத்தில் ‘மாட்டுக் கட்டம் என்று எதுவும் இல்லை’ என்ற வாசகத்தையே ஒரு குறுக்குவழிச் சங்கேதமாக வைத்தார்கள். 2000இல் டயப்ளோ 2 வந்தபோது மாட்டுக் கட்டத்தை உண்மையாகவே கட்டிவிட்டார்கள். கோடரி ஏந்திய மாடுகள் இரண்டு காலில் நடந்து வந்து வெட்டின.

இவற்றைப் பார்த்து நான் கற்றுக்கொண்ட முறை: சாட்சியை விதைக்க வேண்டும், கதையை நாம் சொல்லக் கூடாது. காட்டில் நான்கைந்து மரங்களின் இலைகளை மட்டும் பறித்துவிடுங்கள், தண்டைத் தொடாதீர்கள். இரண்டு நாள் சும்மா இருங்கள். யாராவது வந்து கேட்டால் ‘நான் கவனிக்கவில்லையே’ என்பதோடு நிறுத்துங்கள். மீதிக் கதையை ஊரே எழுதிவிடும், உங்களால் முடிவதைவிட நன்றாகவே எழுதும்.

புரளி யாரையும் எதையும் செய்யச் சொல்லக் கூடாது. ‘இந்த நாளில் உள்ளே நுழையாதே’, ‘இதை அழித்தால் தப்பிக்கலாம்’ என்று வந்துவிட்டால் அது மிரட்டல். ரோப்லாக்ஸ் ஆட்டத்தளத்தில் ஜான் டோ என்ற கணக்கு 2017 மார்ச் 18 அன்று எல்லாருடைய கணக்கையும் பறித்துவிடும் என்று பரவியது. அது வெறும் சோதனைக் கணக்கு. ஆனால் நம்பிப் பயந்தவர்களில் பெரும்பாலோர் சிறுபிள்ளைகள். உங்கள் சர்வரில் பத்து வயதுக்காரர் இருந்தால், அவரை முதலிலேயே கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ரகசியம் இரண்டு நாள் தாங்காது, அதனால் பரவாயில்லை.

உங்களை நோக்கி வருவது

‘ஆல்ட் எஃப்4 அழுத்தினால் வேகம் கூடும்’ என்று யாராவது சொன்னதை நம்பி அழுத்தினால் விண்டோஸ் ஆட்டத்தை மூடிவிடும், அவ்வளவுதான். ‘கடவுச்சொல்லை அரட்டையில் எழுதிப் பார், நட்சத்திரமாகத்தான் தெரியும்’ என்பது அந்த வகை அல்ல. எழுதிய நொடியில் கணக்கு போய்விடும். ‘இலவச ரோபக்ஸ்’ (ரோப்லாக்ஸின் பணம்) தரும் தளங்கள் அத்தனையும் பொய், விதிவிலக்கே கிடையாது. ரூன்ஸ்கேப் ஆட்டத்தில் ‘கவசத்துக்கு இலவசமாகப் பொன்விளிம்பு கட்டித் தருகிறேன்’ என்பவரிடம் கவசத்தைக் கொடுத்தால் கவசம் போய்விடும். அந்த விளிம்பை ஆட்டக்காரர் எவராலும் கட்ட முடியாது. ‘கொடுத்த பணத்தை இரட்டிப்பாக்குகிறேன்’ என்பவர் சின்னத் தொகையை உண்மையாகவே இரட்டிப்பாக்குவார். பெரிய தொகை வரும்வரைதான் அந்த நேர்மை.

எந்த ஆட்டத்தில் எது அனுமதி என்றும் தெரிந்துகொள்ளுங்கள். விண்வெளி ஆட்டமான ஈவ் ஆன்லைனில் ஏமாற்றுவது ஆட்டத்தின் ஒரு பகுதி. 2005இல் கைடிங் ஹேண்ட் சோஷியல் கிளப் என்ற கூலிக் கூட்டம், ஆட்டக்காரர்கள் நடத்திய ஒரு நிறுவனத்துக்குள் ஓராண்டு அளவுக்கு நம்பிக்கையாக ஊழியம் பார்த்து, ஒரே நாளில் தலைவரின் கப்பலை அடித்துக் கிடங்குகளைக் காலி செய்தது. போனதன் மதிப்பு ஏறக்குறைய 3,000 கோடி இஸ்க் (அந்த ஆட்டத்தின் பணம்). அன்றைய கணக்கில் சுமார் 16,500 டாலர். அங்கே அது குற்றம் அல்ல. அதையே என் சர்வரில் செய்தால் அன்றோடு வெளியே.

கோடு தாண்டினால்

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் 2005 செப்டம்பரில் ஹக்கார் என்ற அரக்கனின் ரத்தச் சாபம், வேட்டைக்காரர்களின் வளர்ப்பு விலங்குகள் வழியாக அவன் இருப்பிடத்தை விட்டு நகரங்களுக்கு வந்தது. தற்செயலாகத் தொடங்கிய அதை, வேண்டுமென்றே சந்தையில் கொண்டுபோய்ப் பரப்பியவர்களும் இருந்தார்கள். நோய் பரவலை ஆராய்பவர்கள் பிற்பாடு அதைப் பற்றிக் கட்டுரை எழுதினார்கள். நிறுவனம் சர்வர்களையே மறுதொடக்கம் செய்ய வேண்டியதாயிற்று. அதைக்கூட நான் மன்னித்துவிடுவேன். அதே ஆட்டத்தில், 2006இல், நிஜமாகவே இறந்துபோன ஒரு தோழிக்காக ஆட்டத்துக்குள் அஞ்சலி செலுத்தக் கூடியவர்களை வெட்டிச் சாய்த்து, அதைப் படம் பிடித்துக் காட்டினார்களே, அதை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. விதிப்படி குற்றம் இல்லை என்று இன்றும் வாதாடுவார்கள். ஆட்டத்தை விட்டு வெளியே வந்து, எதிராளியின் வீட்டுக்குப் பொய்த் தகவல் கொடுத்துப் போலீசை அனுப்புவது சேட்டைக் கணக்கிலேயே சேராது. 2017 டிசம்பரில், கால் ஆஃப் டியூட்டி தகராறு ஒன்றில் கொடுத்த அத்தகைய அழைப்பால், அமெரிக்காவின் விசிட்டாவில், அந்த ஆட்டத்தோடு சம்பந்தமே இல்லாத ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அழைத்தவருக்கு 20 ஆண்டு சிறை.

நிர்வாகியாக இருப்பவர்களுக்குக் கடைசியாக ஒரு வேலை. கோர்புரொடெக்ட் போன்ற பதிவுக் கருவியைச் சர்வரைத் திறக்கும் நாளிலேயே நிறுவிவிடுங்கள். நிறுவுவதற்கு முன் நடந்தது எதுவும் அதற்குத் தெரியாது. யார் எந்தக் கட்டையை எப்போது எடுத்தார் என்பதை அது காட்டும். வீடு எரிந்தால் உலகம் முழுவதையும் நேற்றைய பிரதிக்குத் திருப்பாதீர்கள், மற்றவர்களின் ஒருநாள் உழைப்பும் சேர்ந்து போய்விடும். ஆள், நேரம், சுற்றளவு மூன்றையும் குறிப்பிட்டு அந்த ஒருவர் செய்ததை மட்டும் திருப்புங்கள். அதற்கு முன் அவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். பாதி வழக்குகளில், தீயை வைத்தது வீட்டுக்காரரின் சொந்த அடுப்பங்கரை எரிமலைக்குழம்புதான்.