உள்ளங்கையில் ஜவ்வரிசி போல நீர்க்கொப்புளமா? நாள்தோறும் செய்யவேண்டியது இதுதான்

முதலில் விரல் ஓரத்தில் அரிப்பு வரும். உற்றுப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. மறுநாள் காலையில் அதே இடத்தில், வேகவைத்த ஜவ்வரிசியைத் தோலுக்கு அடியில் பதித்து வைத்த மாதிரி சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்கள் இருக்கும். ஒவ்வொன்றும் 1 அல்லது 2 மில்லிமீட்டர்தான். அழுத்தினால் கெட்டியாக இருக்கும், சுலபத்தில் உடையாது. இரண்டு மூன்று வாரத்தில் காய்ந்து, தோல் வட்ட வட்டமாக உரியும். "அப்பாடா" என்று இருக்கும்போது மறுபடியும் வரும்.

நான் மலேசியாவில், பினாங்கு லிட்டில் இந்தியாவில் பூ கட்டுகிறவள். ஒன்பது வருடமாக இந்தக் கையோடுதான் இருக்கிறேன். மாலை வாங்க வருகிறவர்கள் சிலர் தங்கள் கையையும் நீட்டிக் காட்டி, "அக்கா, எனக்கும் இப்படித்தான் இருக்கு, என்ன போடுறீங்க?" என்று கேட்கிறார்கள். கடையில் நின்றபடி அரைகுறையாகச் சொல்லி அனுப்புவது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை. அதனால் முழுதாக எழுதுகிறேன்.

இதற்கு டிஸ்ஹைட்ரோட்டிக் எக்ஸிமா என்று பெயர், பொம்ஃபோலிக்ஸ் என்றும் சொல்வார்கள். வியர்வைச் சுரப்பியில் ஏதோ கோளாறு என்று 19ஆம் நூற்றாண்டில் நினைத்து வைத்த பெயர். காரணம் அது இல்லை என்று பிறகு தெரிந்தும் பெயர் நின்றுவிட்டது. ஆனால் வியர்வையும் புழுக்கமும் இதைக் கிளப்பிவிடும் என்பது உண்மை. நம் ஊர் புழுக்கத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது ஒட்டாது. குழந்தைக்குச் சோறு ஊட்டலாம், கோயிலில் விபூதி எடுத்துக் கொடுக்கலாம். யாராவது கையைப் பார்த்துத் தயங்கினால் நீங்கள் கூசிப்போக வேண்டியதில்லை.

முதல் படி: அதுதானா என்று பாருங்கள்

ஒரு கையில் மட்டும் இருந்தால் படர்தாமரையாக இருக்கலாம். வீட்டில் மற்றவர்களுக்கும் ராத்திரியில் அரிப்பு, விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் புள்ளிகள் என்றால் சொறியாக இருக்கலாம். சின்னப் பிள்ளைக்குக் காய்ச்சலும் வாய்ப்புண்ணும் சேர்ந்து வந்தால் கை, கால், வாய் நோயைச் சந்தேகிக்க வேண்டும். அது ஒட்டும்.

அப்புறம் உங்கள் கால்விரல் இடுக்கைப் பாருங்கள். அங்கே வெளுத்து ஊறிப்போய், தோல் பிய்ந்து இருந்தால் பூஞ்சைத் தொற்று. காலில் பூஞ்சை இருக்க, அதன் எதிரொலியாகக் கையில் கொப்புளம் வருவதுண்டு. அப்படி இருந்தால் கைக்கு எத்தனை கிரீம் போட்டாலும் காலைக் கவனிக்காமல் அடங்காது.

முதல் தடவை வரும்போது கட்டாயம் டாக்டரிடம் காட்டுங்கள். மலேசிய அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 வெள்ளிதான் (ரிங்கிட்). அங்கிருந்து கடிதம் வாங்கினால் பினாங்கு பொது மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போகலாம்.

இரண்டாம் படி: நீர் கோத்திருக்கும்போது

இந்த நோயில் கை இரண்டு நிலையில் இருக்கும். ஒன்று, கொப்புளமும் கசிவுமாக இருக்கும் ஈர நிலை. மற்றது, உரிந்து வெடிக்கும் வறண்ட நிலை. ஈரத்துக்குச் செய்வது வேறு, வறட்சிக்குச் செய்வது வேறு. கசியும்போது கெட்டியான களிம்பை அப்புவதும், வெடித்திருக்கும்போது மருந்துத் தண்ணீரில் ஊறவைத்துக்கொண்டே இருப்பதும்தான் பலரும் செய்வது. நானும் அப்படித்தான் செய்தேன். காலையில் எழுந்ததும் கையைப் பார்த்து, இன்று எந்த நிலை என்று தீர்மானித்துவிட்டுப் பிறகு மருந்தைத் தொடுங்கள்.

ஈர நிலையில் சுலபமான வழி துணி ஒத்தடம். பழைய பருத்தி வேட்டியைத் துவைத்துக் கிழித்து வைத்துக்கொள்ளுங்கள். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரில் நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, கையில் 15 நிமிடம் சுற்றி வையுங்கள். ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை செய்யலாம். அரிப்பு தாங்கவில்லை என்று ஐஸ் கட்டியை நேரே வைக்காதீர்கள். சுடுதண்ணீரும் வேண்டாம். ஊற்றும்போது சுகமாக இருக்கும், அரைமணி கழித்து இரண்டு மடங்காக அரிக்கும்.

கசிவு அதிகமாக இருந்தால் டாக்டர் பொட்டாசியம் பெர்மாங்கனேட் எழுதிக் கொடுப்பார். இதை நிதானமாகச் செய்ய வேண்டும். 400 மில்லிகிராம் மாத்திரை ஒன்றுக்கு 4 லிட்டர் தண்ணீர். பிளாஸ்டிக் பேசினில் வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றி, மாத்திரையைப் போட்டு, ஒரு துணுக்குகூட அடியில் தங்காமல் கரையும்வரை காத்திருங்கள். கரையாத துணுக்கு தோலில் பட்டால் சுட்டுவிடும். ரோஸ் சிரப்பில் நிறையத் தண்ணீர் சேர்த்த மாதிரி வெளிர் ரோஜா நிறம் வர வேண்டும். ஊதாவாக இருந்தால் இன்னும் தண்ணீர் சேர்க்க வேண்டும். நகத்தில் பழுப்புக் கறை ஏறும், அதனால் முதலில் நகங்களில் வாசலின் தடவிக்கொள்ளுங்கள். 10 முதல் 15 நிமிடம் கையை வைத்திருந்து, துடைக்காமல் துணியால் ஒற்றி எடுங்கள். தண்ணீர் பழுப்பாகிவிட்டால் வீரியம் போய்விட்டது, கொட்டிவிடலாம். கசிவு நின்றதும் இதையும் நிறுத்திவிடுங்கள். மாத்திரை வயிற்றுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. மற்ற மாத்திரைகளோடு கலந்து வைக்காமல், பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

கொப்புளத்தைக் குத்தாதீர்கள். முதல் வருடம் நான் பூ கட்டும் ஊசியை நெருப்பில் காட்டி ஒவ்வொன்றாகக் குத்தினேன். மூன்றாம் நாள் கட்டைவிரல் வீங்கி, மஞ்சள் பொருக்கு கட்டி, ஒரு வாரம் ஆண்டிபயாட்டிக் சாப்பிட வேண்டியதாகிவிட்டது. பெரிய கொப்புளம் வலித்தால் கிளினிக்கிலேயே சுத்தமாக நீரை எடுத்துவிடுவார்கள்.

மூன்றாம் படி: ஸ்டீராய்டு கிரீம்

பயப்படவும் வேண்டாம், அள்ளிப் பூசவும் வேண்டாம். உள்ளங்கைத் தோல் தடிப்பானது, அதனால் டாக்டர் வீரியமானதாகவே கொடுப்பார். ஆள்காட்டி விரலின் கடைசி ரேகையிலிருந்து நுனிவரை டியூபைப் பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். ஒரு கையின் இரு பக்கத்துக்கும் அது போதும். பாதத்திலும் வந்திருந்தால், ஒரு பாதத்துக்கு அதைப்போல இரண்டு மடங்கு. டாக்டர் சொன்ன நாள்வரை போடுங்கள். அரிப்பு நின்றுவிட்டதே என்று இரண்டாம் நாளே விட்டால் அடுத்த வாரமே திரும்ப வரும். கைக்குக் கொடுத்ததை முகத்தில் போடக்கூடாது. பக்கத்து வீட்டுக்குக் கடனும் கொடுக்கக்கூடாது.

இணையத்தில் விற்கும் "மூலிகைக் கிரீம்" மூன்றே நாளில் குணமாக்குகிறது என்றால் எனக்குச் சந்தேகம்தான் வரும். உள்ளே சொல்லாமல் ஸ்டீராய்டு கலந்த கிரீம்கள் பிடிபட்டிருக்கின்றன. மலேசியாவில் பதிவு செய்த மருந்து என்றால் பெட்டியில் எம்ஏஎல் என்று தொடங்கும் எண்ணும் ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இருக்கும். மஞ்சள், எலுமிச்சை, பூண்டு, தைலம் எதையும் திறந்த தோலில் வைக்காதீர்கள். அம்மா சொன்னதாகவே இருந்தாலும் வேண்டாம்.

நான்காம் படி: உரியும்போதும் வெடிக்கும்போதும்

இப்போதுதான் பசை வேண்டும். வாசனை இல்லாத, கெட்டியான களிம்பாக இருக்கட்டும். வாசலினே போதும், விலையும் குறைவு. கை கழுவிய ஒவ்வொரு முறையும் ஈரம் முழுதும் காய்வதற்குள் தடவுங்கள். இரவில் தாராளமாகத் தடவி, பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு தூங்குங்கள். கிளினிக்கில் தரும் அக்குவஸ் கிரீமை சோப்புக்குப் பதிலாகக் கை கழுவ வைத்துக்கொள்ளலாம். தடவி அப்படியே விட்டால் சிலருக்கு எரியும். உரியும் தோலைப் பிய்க்காதீர்கள், கத்தரியால் ஓரத்தை வெட்டிவிடுங்கள்.

வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே தோல் பழைய பலத்துக்கு வர மாதக் கணக்கில் ஆகும். அதுவரை பசை தடவுவதை விடாதீர்கள். விரல் வெடித்திருக்கும் நாளில் வாழையிலைச் சாப்பாட்டுக்குப் போனால் கரண்டி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ரசம் பட்ட விரல் எப்படிக் காந்தும் என்று பட்டவர்களுக்குத் தெரியும்.

தண்ணீர், மோதிரம், கையுறை

பாத்திரம் கழுவுமுன் மோதிரத்தைக் கழற்றுங்கள், அதன் அடியில் சோப்பு தங்கும். உள்ளே பருத்தி, மேலே வினைல் கையுறை. 20 நிமிடத்துக்கு மேல் போட்டிருந்தால் உள்ளே வியர்த்துவிடும், கழற்றிக் காயவிடுங்கள். வெங்காயம், பூண்டு, தக்காளி, எலுமிச்சை நறுக்கும்போதும் கையுறை நல்லது. கவரிங் நகையிலும் மலிவான மெட்டியிலும் நிக்கல் இருக்கலாம். சிலருக்கு அதுவே தூண்டுதல்.

பாதம்

இந்த நோய் பாதத்திலும் வரும். இங்கே பாயான் லெப்பாஸ் வட்டாரத் தொழிற்சாலைகளில் பாதுகாப்புச் சப்பாத்துப் போட்டு 12 மணி நேரம் நிற்கிறவர்களுக்குப் பாதம்தான் முதலில் பிடிக்கும். பருத்திக் காலுறை இரண்டு ஜோடி கொண்டுபோய், பாதி வேலையில் மாற்றுங்கள். ஒரே சப்பாத்தைத் தினமும் போடாமல் மாற்றி மாற்றிக் காயவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் விரல் இடுக்கை ஒற்றிக் காயவையுங்கள். கோயிலில் கால் கழுவிய பிறகும் அதேதான். பாதம் திறந்து கிடக்கும்போது தைப்பூசம் வந்தால், வெறுங்காலில் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏறுவதை அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அன்றே போகவேண்டிய நாள்

சீழ், மஞ்சள் பொருக்கு, சிவப்பு மேலே படர்வது, காய்ச்சல், அரிப்பு போய் வலி வருவது. இதில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காதீர்கள். இனிப்புநீர் (சர்க்கரை நோய்) உள்ளவர்கள் பாதத்தில் சின்ன வெடிப்பு என்றாலும் உடனே காட்ட வேண்டும்.

திரும்பத் திரும்ப வந்தால் பேட்ச் டெஸ்ட் கேளுங்கள், எது ஒவ்வவில்லை என்று கண்டுபிடிக்கும் சோதனை அது. முதுகில் மருந்து ஒட்டி 48 மணி நேரம் வைத்திருப்பார்கள். குளிக்கும்போது அது நனையக்கூடாது, வியர்க்கிற வேலையும் ஆகாது. எடுத்துப் பார்த்து, இரண்டு நாள் கழித்து மறுபடியும் பார்ப்பார்கள். நீங்கள் தினமும் தொடும் சோப்பு, கையுறை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். நான் ஒரு பையில் பூக்களையும் கொண்டுபோனேன். எனக்கு ஒவ்வாதது செவ்வந்தி என்று அப்போதுதான் தெரிந்தது. செவ்வந்தி மாலைக்கு ஆர்டர் வந்தால் இப்போது தங்கை கட்டுகிறாள். மல்லிகையும் ரோஜாவும் என் பக்கம்.