ஓயாமல் ரீஸ்டார்ட் ஆகும் வீட்டுக் கணினி: எந்தக் கட்டத்தில் விழுகிறது என்பதைக் கவனியுங்கள்

வீட்டுக் கணினி தானாக அணைந்து, தானாகவே உயிர் பெற்று, விண்டோஸ் திரைக்கு வந்து சேராமல் சுற்றிக்கொண்டே இருந்தால், பவர் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்துவதை முதலில் நிறுத்த வேண்டும். டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருக்கும் வேளையில் மின்சாரம் அறுபடும் ஒவ்வொரு முறையும் அதிலுள்ள கோப்புகள் சிதைய இடமுண்டு. கணினியின் கோளாறு இருநூறு ரூபாய்ப் பொருளால் தீரக்கூடியதாக இருக்கலாம். அதைக் கண்டுபிடிப்பதற்குள் பிள்ளைகளின் படங்களும் பத்திர நகல்களும் போய்விடக் கூடாது. "விண்டோஸ் போயிருக்கும், ஃபார்மட் போட்டால் சரியாகிவிடும்" என்று கேபினெட்டைத் திறந்து பார்க்காமலேயே யாராவது சொன்னால், அதையும் உடனே ஏற்க வேண்டியதில்லை.

செங்கோட்டை, புளியரை, மலைக்கு அப்பால் ஆரியங்காவு, தென்மலை என்று கணவாயை ஒட்டி வாழும் நமக்கு இந்தக் கோளாறில் சில தனிக் காரணங்கள் உண்டு. ஆனி, ஆடியில் கணவாய் வழியாக வரும் காற்றும் சாரலும் வீட்டுக்குள் இருக்கும் உலோகத்தைக்கூட ஈரமாக்கிவிடுகின்றன. சித்திரை, வைகாசியிலும் ஐப்பசியிலும் இடி மின்னல் மிகுதி. மரக்கிளை கம்பியில் உரசுவதால் மின்னழுத்தம் ஏறியிறங்குவதும் வழக்கம். ஆகவே இங்கே மென்பொருளைச் சந்தேகிப்பதற்கு முன்னால் மின்சாரத்தையும் ஈரத்தையும் சந்தேகிப்பதே முறை.

எல்லாவற்றுக்கும் முன்பு ஒரே ஒரு கேள்விக்கு விடை தேடுங்கள்: கணினி எந்தக் கட்டத்தில் விழுகிறது? விசிறி ஓரிரு நொடி சுற்றி, திரையில் எதுவும் வராமலேயே நின்று மீண்டும் சுற்றினால், கோளாறு எஸ்எம்பிஎஸ் (கணினிக்குள் மின்சாரம் வழங்கும் பெட்டி), ரேம் (தற்காலிக நினைவகக் கார்டு), மதர்போர்டு (உறுப்புகள் எல்லாம் செருகப்படும் பலகை), பவர் பொத்தான் ஆகியவற்றில் ஒன்றில் இருக்கும். அந்த நிலையில் விண்டோஸ் பேச்சுக்கே இடமில்லை, ஏனெனில் டிஸ்க்கை இன்னும் யாரும் தொடவில்லை. மதர்போர்டு நிறுவனத்தின் சின்னம் தோன்றி, விண்டோஸின் சுழலும் புள்ளிகள் வந்த பிறகு விழுந்தால், டிஸ்க், டிரைவர் (ஒவ்வொரு உறுப்பையும் விண்டோஸோடு இணைக்கும் மென்பொருள்), பாதியில் நின்ற அப்டேட் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். பத்து நிமிடம் நன்றாக ஓடிவிட்டு விழுந்தால் வெப்பம். விளையாட்டோ வீடியோ எடிட்டிங்கோ தொடங்கும்போது மட்டும் விழுந்தால், பெரும்பாலும் பாரம் தாங்காத எஸ்எம்பிஎஸ்.

இரண்டாம் வகையா முதல் வகையா என்று உறுதியாகத் தெரியவில்லை என்றால் ஒரு எளிய சோதனை உண்டு. கணினியை இயக்கியவுடன் டெலிட் விசையையோ எஃப்2 விசையையோ தட்டிக்கொண்டே இருந்து, விண்டோஸுக்கு முன்பே மதர்போர்டு காட்டும் அமைப்புத் திரையான பயாஸுக்குள் சென்று, அங்கேயே அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். பயாஸில் அசையாமல் நிற்கும் கணினி விண்டோஸை ஏற்றும்போது மட்டும் விழுமானால், தேடும் இடம் பாதியாகச் சுருங்கிவிடும். பயாஸிலேயே விழுந்தால் டிஸ்க்கையும் விண்டோஸையும் மறந்துவிடலாம்.

வன்பொருள் பக்கம் என்று தெரிந்தால், சுவரிலிருந்து தொடங்குங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸை விலக்கி, கணினியின் கேபிளை நேராகச் சுவர் சாக்கெட்டில் செருக வேண்டும். எஸ்எம்பிஎஸ் பக்கம் தளர்ந்த கேபிளும், சாக்கெட்டுக்குள் கருகிய பித்தளையும் இந்தக் கோளாறை அப்படியே நடித்துக் காட்டும். யுபிஎஸ் இருந்தால் அதையும் ஒருமுறை விலக்கிப் பாருங்கள். நம் மின்வழங்கல் 230 வோல்ட். அது சற்றே இறங்கும்போதெல்லாம் யுபிஎஸ் பேட்டரிக்குத் தாவும், பேட்டரி செத்திருந்தால் அந்தக் கணமே கணினி விழும். மின்சாரம் போகாமலேயே கணினி போகிறது என்று பலர் குழம்புவது இதனால்தான். யுபிஎஸ் பேட்டரிக்கு ஆயுள் பொதுவாக மூன்று முதல் ஐந்து ஆண்டுகள். வெயில் படும் மூலையில் வைத்திருந்தால் அதுவும் இல்லை.

கேபினெட்டைத் தொடும்போது விரலில் சுருக்கென்று மின்சாரம் உணர்ந்தால், எர்த் சரியில்லை என்று பொருள். பழைய ஓட்டு வீடுகளில் மூன்று துளை சாக்கெட் இருக்கும், மூன்றாவது துளைக்குப் பின்னால் கம்பியே இருக்காது. இதை வயர்மேனைக் கொண்டு சரிசெய்த பிறகே மற்ற வேலை. எர்த் இல்லாத வீட்டில் சர்ஜ் பாதுகாப்புள்ள பாக்ஸ் வாங்கி வைத்தாலும் அது தன் வேலையைச் செய்ய முடியாது.

அடுத்து, கேபிளை முழுவதும் பிடுங்கிவிட்டு, பவர் பொத்தானைப் பத்து நொடி அழுத்திப் பிடித்து எஞ்சிய மின்சாரத்தை வெளியேற்றி, பக்கவாட்டுத் தகட்டைத் திறக்கலாம். திறந்தவுடன் கையை விடாமல் டார்ச் அடித்துப் பாருங்கள். எறும்புப் புற்று, பல்லி, பல்லி முட்டை, சிலந்தி வலை ஆகியவை நம் பக்கத்துக் கேபினெட்டுகளில் சாதாரணம். எஸ்எம்பிஎஸ்ஸின் காற்றுத் துளை வழியாக நுழைந்த ஒரு பல்லி இரண்டு முனைகளை இணைத்துவிட்டால் போதும். அதற்காக எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் ஒருபோதும் பிரிக்காதீர்கள். 230 வோல்ட் மாறுமின்னோட்டம் உள்ளே 325 வோல்ட் நேர்மின்னோட்டமாகக் கெபாசிட்டரில் தேங்கி நிற்கிறது, கேபிளைப் பிடுங்கிய பிறகும் அது சிறிது நேரம் அங்கேயே இருக்கும். மதர்போர்டில் நிற்கும் உருளைக் கெபாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ பழுப்பு நீர் கசிந்திருந்தாலோ காரணம் கண்முன்னே இருக்கிறது. பழைய போர்டுகளில் இதை அதிகம் பார்க்கலாம். இப்போதைய போர்டுகளில் திட வகைக் கெபாசிட்டர்கள் இருப்பதால் குறைவு.

தூசியைப் பிளோயரால் ஊதும்போது விசிறியின் இறகை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். சாரல் காலத்தில் தூசி வெறும் தூசியல்ல. ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு, நெருங்கிய முனைகளுக்கு இடையே மெல்லிய மின்கசிவை உண்டாக்கும். சிலர் ஊதிய கையோடு கணினியை இயக்கிவிடுகிறார்கள். கேபினெட்டைத் திறந்தபடி, காய்ந்த அறையில், மின்விசிறிக் காற்றில் ஒரு நாள் விட்டுவிட்டு இயக்குவதே நல்லது. ஹேர் டிரையரின் சூட்டை மதர்போர்டில் காட்ட வேண்டாம்.

இப்போது முக்கியமான வேலை. கணினியை அதன் குறைந்தபட்ச உறுப்புகளுக்குக் கொண்டுவர வேண்டும்: மதர்போர்டு, பிராசசர், அதன் விசிறி, ஒரே ஒரு ரேம், எஸ்எம்பிஎஸ், மானிட்டர். மற்ற அனைத்தையும், அதாவது டிஸ்க்குகள், கிராபிக்ஸ் கார்டு, பென் டிரைவ், பிரிண்டர், லேன் கேபிள், முன்பக்க யுஎஸ்பி இணைப்பு வரை எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். பிராசசருக்குள்ளேயே கிராபிக்ஸ் இல்லாத மாதிரியாக இருந்தால் மட்டும் கார்டை விட்டுவையுங்கள். லேன் கேபிளைச் சொல்வதற்குக் காரணம் உண்டு: மின்னல் வீட்டு மின்கம்பி வழியாக மட்டுமல்ல, மோடத்திலிருந்து வரும் செம்புக் கேபிள் வழியாகவும் வந்து லேன் சிப்பைச் சுட்டுவிடும். அந்தச் சிப் ஷார்ட் ஆகிவிட்டால் மதர்போர்டே எழாமல் போகலாம். ஃபைபர் இழையில் மின்சாரம் பாயாது என்பது உண்மைதான். ஆனால் அது வந்து சேரும் பெட்டிக்கு அடாப்டர் உண்டு, அந்தப் பெட்டியிலிருந்து கணினிக்கு வருவது செம்புதான்.

ரேமைக் கழற்றி, அதன் தங்க நிற முனைகளைச் சாதாரணப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகள்களைத் தூரிகையால் தட்டிவிட்டு, இரு பக்கமும் க்ளிக் என்று பூட்டும் வரை அழுத்திச் செருகுங்கள். இங்கே ஈரத்தால் ரேம் முனைகளில் மங்கலான படலம் படிவது அடிக்கடி நடக்கிறது. எதுவும் செலவழிக்காமல் தீரும் கோளாறுகளில் இதுவே முதன்மையானது என்று தயங்காமல் சொல்வேன். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றையும் தனித்தனியாக, ஒவ்வொரு ஸ்லாட்டிலும் மாற்றி மாற்றிப் பாருங்கள். ஒரே ஸ்லாட்டில் எந்த ரேமும் விழுந்தால் குற்றம் ஸ்லாட்டினுடையது. ஒரே ரேம் எல்லா ஸ்லாட்டிலும் விழுந்தால் குற்றம் ரேமினுடையது. ஒரு எச்சரிக்கை: டிடிஆர்5 ரேம் உள்ள புதிய கணினிகள் ரேமை மாற்றிய பிறகு, அதைப் பழகிக்கொள்வதற்காகச் சில நிமிடங்கள் கறுப்புத் திரையோடு நிற்கும், இடையில் தாமாகவே ரீஸ்டார்ட்டும் ஆகும். அது கோளாறல்ல, பொறுத்திருக்க வேண்டும்.

பவர் பொத்தானையும் ரீசெட் பொத்தானையும் மறப்பவர்களே அதிகம். ஈரத்தில் துருவேறியோ அழுக்கேறியோ உள்ளேயே சிக்கிக்கொண்ட பொத்தான், யாரோ விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டிருப்பதற்குச் சமம். முன்பக்கத்திலிருந்து மதர்போர்டுக்கு வரும் அந்த இரண்டு மெல்லிய இணைப்புகளையும் கழற்றிவிட்டு, பவர் என்று குறிக்கப்பட்ட இரு ஊசிகளை மட்டும் ஸ்குருடிரைவர் முனையால் ஒரு கணம் தொட்டு இயக்குங்கள். கணினி நிலைத்து ஓடினால், பொத்தானை மாற்றினால் போதும்.

அதன் பிறகே எஸ்எம்பிஎஸ். மல்டிமீட்டர் இருந்தால் மஞ்சள் கம்பியில் 12, சிவப்பில் 5, ஆரஞ்சில் 3.3 வோல்ட் வர வேண்டும். ஐந்து சதவீதம் வரை கூடக் குறைய இருக்கலாம், அதாவது 12 வோல்ட் கம்பியில் 11.4-க்குக் கீழே இறங்கக் கூடாது. 24 முனை இணைப்பைக் கழற்றிப் பச்சையையும் கறுப்பையும் கம்பித் துண்டால் இணைத்து, "விசிறி சுற்றுகிறது, எஸ்எம்பிஎஸ் நன்றாக இருக்கிறது" என்று முடிவு கட்டும் பழக்கம் கடைகளில் உண்டு. எஸ்எம்பிஎஸ் எழுகிறது என்பதை மட்டுமே அது காட்டும், பாரத்தைத் தாங்குகிறதா என்பதைக் காட்டாது. நல்ல நிலையில் உள்ள இன்னொரு எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றிப் பார்ப்பதே நம்பத்தக்க சோதனை. கேபினெட்டோடு இலவசமாக வரும் எடை குறைந்த எஸ்எம்பிஎஸ்ஸின் மேல் ஒட்டப்பட்ட வாட் எண்ணை நம்பி கிராபிக்ஸ் கார்டு மாட்டுவதை விட, கார்டை மாட்டாமலே இருப்பது மேல். பிராசசருக்கான நான்கு அல்லது எட்டு முனை இணைப்பு தனியாக உண்டு. அது செருகப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

வெப்பத்தைப் பயாஸ் திரையிலேயே பார்க்கலாம். பிராசசரின் வெப்பநிலை சில நிமிடங்களிலேயே 90 டிகிரியைத் தொடுமானால், பிராசசரின் சூட்டை உறிஞ்சும் உலோகத் தொகுதியான ஹீட் சிங்க் சரியாக அமரவில்லை அல்லது இரண்டுக்கும் இடையே சூட்டைக் கடத்தும் பேஸ்ட் காய்ந்துவிட்டது. நான்கு பிளாஸ்டிக் கால்களால் பூட்டப்படும் வகையில் ஒரு கால் மட்டும் விடுபட்டிருப்பது சகஜம். பழைய பேஸ்ட்டைத் துடைத்தெடுத்துவிட்டு, பட்டாணி அளவு புதிய பேஸ்ட் வைத்தால் போதும்.

நாணயம் போன்ற சிஆர்2032 பேட்டரி மூன்று வோல்ட். ஒவ்வொரு முறையும் கணினியின் கடிகாரம் பழைய தேதிக்குத் திரும்பினால் அது தீர்ந்துவிட்டது. இதனால் மட்டுமே கணினி விழுவது அரிது. ஆனால் பேட்டரி தீர்ந்து பயாஸ் அமைப்புகள் அழியும்போது டிஸ்க் இணைப்பு முறை ஏஹெச்சிஐ-யிலிருந்து ரெய்டுக்கோ, அதற்கு நேர்மாறாகவோ மாறிவிடக்கூடும். அப்போது விண்டோஸ் தன் டிஸ்க்கையே காணாமல் விழுந்து விழுந்து எழும். பேட்டரியை மாற்றி, அந்த அமைப்பை முன்பிருந்தபடி வைத்தால் ஃபார்மட் எதுவும் இல்லாமலே கணினி திரும்பிவிடும்.

பயாஸில் நிலைத்து, விண்டோஸில் விழும் கணினிக்கு வருவோம். விண்டோஸ் கடும் பிழையைச் சந்தித்தால் தானாக ரீஸ்டார்ட் ஆகும்படியே அமைக்கப்பட்டிருக்கிறது. பிழைச் செய்தி கண்ணில் படுவதற்குள் திரை மறைந்துவிடுவதற்கு அதுவே காரணம். விண்டோஸ் 10-இலும் 11-இலும் ஏற்றம் தொடர்ந்து சில முறை தடைபட்டால் பழுது நீக்கும் திரை தானாக வரும். அதில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்று சென்று ரீஸ்டார்ட் கொடுத்தால் எண்களிட்ட பட்டியல் கிடைக்கும். 9 என்ற எண் தானாக ரீஸ்டார்ட் ஆவதைத் தடுக்கும். பிழைத் திரை நிலைத்து நிற்கும்போது அதிலுள்ள குறியீட்டைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளலாம். 4 என்ற எண் சேஃப் மோடு, அதாவது அத்தியாவசிய டிரைவர்களோடு மட்டும் விண்டோஸை ஏற்றும் முறை. சேஃப் மோடில் கணினி நிலைத்தால் அண்மையில் நிறுவிய டிரைவரையோ மென்பொருளையோ நீக்குங்கள். அதுவும் முடியாவிட்டால் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸுக்குள்ளேயே கடைசி அப்டேட்டை நீக்கும் வசதி உண்டு.

வன்பொருளில் சிறு குறையும் இல்லாமல் கணினி இப்படிச் சுழலக்கூடும் என்பதற்குச் சான்று 2024 ஜூலை 19. கிரௌட்ஸ்ட்ரைக் நிறுவனம் அனுப்பிய பிழையான ஒரு பாதுகாப்பு அப்டேட்டால் உலகெங்கும் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தன என்பது மைக்ரோசாஃப்டின் கணக்கு. அவற்றில் பலவற்றை எழுப்பிய வழி, சேஃப் மோடில் நுழைந்து அந்த ஒரு கோப்பை அழித்ததுதான்.

சேஃப் மோடிலும் விழுந்தால் டிஸ்க்கையே சந்தேகிக்க வேண்டும். இந்த இடத்தில் பழுது பார்ப்பதற்கு முன் தரவை எடுத்துவிடுங்கள். வேறொரு கணினியில் உபுண்டு போன்ற லினக்ஸைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே உங்கள் கணினியை இயக்கி, நிறுவாமல் முயன்று பார்க்கும் வழியைத் தேர்ந்தெடுத்தால் பழைய டிஸ்க்கின் கோப்புகளை வெளி டிஸ்க்குக்கு நகலெடுக்கலாம். டிஸ்க்கில் விண்டோஸின் தரவுப் பூட்டான பிட்லாக்கர் இருந்தால் 48 இலக்க மீட்பு எண் தேவைப்படும். அதை உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் கைப்பேசி வழியாகத் தேடலாம். லினக்ஸ் மணிக்கணக்கில் விழாமல் ஓடுகிறது என்றால் மதர்போர்டும் ரேமும் பெரும்பாலும் நலம், டிஸ்க்கோ விண்டோஸோதான் குற்றவாளி. லினக்ஸும் விழுந்தால் மெம்டெஸ்ட்86 மூலம் ரேமை ஓர் இரவு முழுவதும் சோதியுங்கள். அதில் ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ரேமை வைத்துக்கொள்ளக் கூடாது. டிஸ்க்கிலிருந்து டிக் டிக் ஓசை கேட்டால் எந்தச் சோதனையும் ஓட்டாமல் அதைக் கழற்றிவைத்து, தரவு மீட்பவரிடம் மட்டும் கொடுங்கள்.

தென்காசிக்கோ புனலூருக்கோ கடைக்கு எடுத்துச் செல்ல வேண்டிய நிலை வந்தால், எந்தக் கட்டத்தில் விழுகிறது, எவற்றைக் கழற்றிய பிறகும் விழுந்தது, பிழைக் குறியீடு என்ன என்பவற்றை ஒரு தாளில் எழுதிக் கேபினெட்டின் மேல் ஒட்டிவிடுங்கள். ரேம், டிஸ்க், எஸ்எம்பிஎஸ், மதர்போர்டு ஆகியவற்றின் சீரியல் எண்களைப் படமெடுத்துக்கொண்டு கொடுப்பது நல்லது; வாரண்டி பெரும்பாலும் அந்தந்த உறுப்பின் தயாரிப்பாளரால், அந்த எண்ணைக் கொண்டு வழங்கப்படுவதால், எல்லையின் எந்தப் பக்கத்துக் கடையில் வாங்கியிருந்தாலும் பில்லோடு சேர்த்து அதையே கேட்பார்கள்.